வடிகானின் பின்னால் நடந்தவர்கள்

வெள்ளவத்தை,
18.01.1998

அன்புள்ள மச்சாள் பத்மாவுக்கு,

நீர் சுகமாக இருக்கிறீர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். காய்ச்சல் கீய்ச்சல் என்றாலும் இதை வாசிக்கிறதற்குள் சுகமாகிவிடும். தபால் கப்பல் வந்து சேர அவ்வளவு நாள் எடுக்கிறதே! தம்பி கனடாவிலிருந்து போன கிழமை எழுதினான். கடிதம் முழுக்க உம்முடைய விசாக் கதைதான். அக்காவைச் சுகம் கேட்டது கடைசி வரியில்.

சரி, என்னுடைய கதைக்கு வருகிறேன். தொடங்கிவிட்டேன் பத்மா! பன்னிரண்டாம் வகுப்பில் சுற்றாடல் விஞ்ஞானம். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் ஆசிரியர் அறையில் இருந்து வெறும் தேத்தண்ணியும் குடித்துக்கொண்டு கதைத்தோமே, அதே பாடம். பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அதிபர் திருமதி சிவபாதசுந்தரம் ஒரு வருஷம் நடத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறா. ஒழுங்காகப் போனால் அடுத்த தையிலிருந்து நிரந்தரமாக நேரசூசியில் போடுவாவாம். "ஆனா ரீச்சர், எனக்கு ஒரு வில்லங்கமும் வரப்படாது. வந்தா அண்டைக்கே மூடிப்போடுவன்" என்று கைவிரலை ஆட்டிச் சொன்னா. நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

ஒரு விஷயம் தொண்டைக்குள் நிற்கிறது. நீர் பாடங்கள் எழுதி வைத்த அந்தச் சீ.ஆர். கொப்பி தொலையவில்லை. இடம்பெயர்ந்தபோது பைகள் மாறின அல்லவா, என் பைக்குள் சட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. இங்கே வந்து இரண்டு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வகுப்பை அதை வைத்துத்தான் நடத்துகிறேன். அதிபருக்குக் கொடுத்த படிவத்தில் 'பாடத்திட்டம் தயாரித்தவர்' என்ற இடத்தில் ஒரேயொரு கோடு இருந்தது. அவசரத்தில் என் பேரை எழுதிவிட்டேன். கோபிக்காதேயும்.

அன்புடன்,
தவமலர்

நீர்வேலி,
12.02.1998

செல்வி தவமலர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாடம் தொடங்கியதை அறிந்து மகிழ்ச்சி.

ஊரே எழும்பி நடந்த அந்த 1995 ஒக்ரோபர் இரவில் அரிசியை விட்டுவிட்டு நான் அந்தக் கொப்பியை எடுத்து வைத்தேன். சாவகச்சேரியில் மூன்று நாள் பை பையாகத் தேடினேன். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் ஓடும் இல்லை, கதவும் இல்லை. அதற்கெல்லாம் அழவில்லை. கொப்பிக்கு அழுதேன். ஏழு வருஷம் எழுதினது. கடைசி ஐந்து வருஷம் போத்தல் விளக்கில் எழுதினது. நீங்கள் அதைப் பார்த்தவர்கள்.

இரண்டு வருஷமாக உங்களுக்கு ஒரு தபாலட்டை எழுத நேரம் கிடைக்கவில்லை. என் பேரை எழுதவும் கோடு போதவில்லை. தம்பியின் பெண்சாதியிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தீர்களாக்கும். இனி அது உங்கள் கொப்பி. வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓகஸ்ட் 14 கொழும்பில் விசா நேர்முகம். அதற்கு வர இராணுவத்தின் பயண அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பேரில் சின்னக் கீறல் இருந்தாலும் இழுத்தடிப்பார்கள் என்கிறார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், எல்லா விஷயத்திலும்.

இப்படிக்கு,
பத்மாவதி

பி.கு.: நாலாம் பாடத்தில் கிணற்று நீர்மட்டக் கணக்கில் அடியை மீற்றராக மாற்றியதில் ஒரு பிழை இருக்கிறது. உங்களுக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிழையாகப் படிக்கக் கூடாது.

வெள்ளவத்தை,
08.03.1998

அன்புள்ள பத்மாவுக்கு,

'நீங்கள்' என்று எழுதி என்னை ஒரே நாளில் கிழவியாக்கிவிட்டீர். எனக்கு வேண்டும். செய்தது களவு. மூன்று தரம் கடிதத்தை வாசித்தேன், மூன்று தரமும் வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிறேன் பத்மா. முகத்துக்கு நேரே கேட்க வேண்டியது.

அதிபரிடம் சொல்லிப் படிவத்தைத் திருத்துகிறேன். இந்தத் தவணை முடிவதற்குள் உம்முடைய பேர் அதில் இருக்கும்.

இப்போது கொஞ்சம் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளும். உம்முடைய முதலாம் பாடம் என்ன பாடு படுத்துகிறது தெரியுமா! "உன் வீட்டுக் கழிவுநீரின் பின்னால் அது முடியும் இடம்வரை நடந்து போ. வழியில் கண்டதையெல்லாம் எண்ணு. படமாகக் கீறு." இவ்வளவுதானே எழுதியிருந்தீர். கௌரி என்று ஒரு பிள்ளை, மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறாள். மாடியில் இருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? அவள் சலவைக்குப் போடும் நீலத்தில் அரைப் போத்தலைச் சிங்குக்குள் ஊற்றிவிட்டு, படியால் விழுந்தடித்து ஓடிப்போய் நின்று பார்த்திருக்கிறாள். பின்பக்க வடிகானில் நீலம் வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே நடந்து, மீன்காரன் பெட்டிக்குப் பக்கத்தால், றெயில் தண்டவாளத்துக்குக் கீழால், கடல்வரை போயிருக்கிறாள். தாய்க்காரி என்னிடம் வந்து, "ரீச்சர், உங்கட பாடத்தால எங்கட வெள்ளைச் சட்டை எல்லாம் பழுப்பாக் கிடக்கு" என்று சண்டை பிடித்தா.

அடுத்த நாள் மற்றப் பதினொரு பிள்ளைகளும் நீலத்தோடு நிற்கிறார்கள்! பதினைந்து வருஷம் படிப்பித்துவிட்டேன், பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு ஓடியதை இப்போதுதான் காண்கிறேன். நீர் அங்கே இருந்துகொண்டு இங்கே ஓட வைக்கிறீர். கெட்டிக்காரி அப்பா நீர்.

ஒரு உதவி. உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் அனுப்ப முடியுமா? உரம் போடும் தோட்டக் கிணற்றையும் வீட்டுக் கிணற்றையும் இங்கே ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாலாம் பாடத்தைத் திருத்திவிட்டேன்.

அன்புடன்,
தவம்

நீர்வேலி,
29.03.1998

தவத்துக்கு,

கோபம் போகவில்லை. பாதி போய்விட்டது. அந்த நீலப் பிள்ளைக்காகப் போனது, உமக்காக இல்லை.

நான் எழுதும்போது சிங்கையும் நினைக்கவில்லை, மாடியையும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் வாழைக்குப் போகும், அதோடு கதை முடிந்தது. அந்தப் பிள்ளை என் பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். அவளுக்கு நான் சொன்னதாகச் சொல்லும். தாய்க்கு ஒரு போத்தல் நீலம் வாங்கிக் கொடும்.

எங்கள் கணக்குப் பாட நிக்கலஸ் மாஸ்டர் ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்கு வருகிறார். அவரிடம் மூன்று போத்தல் கொடுத்திருக்கிறேன். 1 வெங்காயத் தோட்டத்துக் கிணறு, 2 எங்கள் வீட்டுக் கிணறு, 3 பள்ளிக்கூடக் கிணறு. கொதிக்க வைத்த போத்தல்கள், மெழுகால் மூடியிருக்கிறேன். இரண்டு நாளைக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். மாஸ்டர் கவனமான மனுஷன், பயமில்லை.

பேரைப் போடும். பெரிய எழுத்தில் போட வேண்டாம், வாசிக்கிற மாதிரிப் போட்டால் போதும்.

பத்மா

வெள்ளவத்தை,
26.04.1998

அன்புள்ள பத்மாவுக்கு,

நிக்கலஸ் மாஸ்டர் வந்து சேர்ந்தார். போத்தல்களும் வந்தன. தண்ணீர் வரவில்லை. திருகோணமலை இறங்குதுறைச் சோதனையில், "இது என்ன?" என்று கேட்டார்களாம். "கிணத்துத் தண்ணி" என்றாராம். "தண்ணி எண்டா குடி" என்றார்களாம். ஒரு மிடறு குடித்துக் காட்டினாராம். "முழுக்கக் குடி." மூன்று போத்தலையும் வரிசையில் நின்றபடி குடித்து முடித்திருக்கிறார், பாவம் மனுஷன்! வெறும் போத்தல்களை, நீர் ஒட்டின இலக்கத் துண்டு கிழியாமல் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, "ஒண்டு கொஞ்சம் உவர். ரெண்டு நல்ல தண்ணி. மூண்டில பாசி மணக்குது. இதை எழுதுங்கோ ரீச்சர்" என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.

வகுப்பு இப்போது விடுமுறை. சித்திரை விடுமுறைதானே.

பேர் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் பத்மா. மறந்துவிட்டேன் என்று நினைக்காதேயும். களவு எடுக்கிறேன் என்றும் நினைக்காதேயும். ஓகஸ்ட் கழியட்டும். நீர் விமானத்தில் ஏறின அன்றைக்கே போடுகிறேன். காரணம் கேட்காதேயும். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

தவம்

நீர்வேலி,
06.06.1998

தவம்,

நிக்கலஸ் மாஸ்டர் மூன்று போத்தல் தண்ணீரை வயிற்றில் வைத்திருந்தார், கதையை வைத்திருக்கவில்லை. வந்து இறங்கின அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மார்ச் கடைசியில் கௌரியும் றமீலாவும் வடிகான் படத்தோடு பொலிஸில் பிடிபட்டார்களாம். பிடிக்காமல் என்ன செய்வான்? கண்டதையெல்லாம் எண்ணச் சொன்னேன்தானே. கௌரி காவலரணுக்குப் பின்னால் வடிகானில் கிடந்த சோற்றுப் பார்சல் தாளையும் எண்ணியிருக்கிறாள். "பகல் 22 லஞ்ச் சீற், ஆகவே 22 பேர். இரவு 9, ஆகவே 9 பேர்" என்று படத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறாள். ஐயோ தவம், வாசித்த பொலிஸ்காரன் கதிரையை விட்டு எழும்பியிருப்பான்! தெஹிவளைப் பிள்ளை றமீலா நல்ல சிங்களத்தில், "மாத்தயா, இது ஆள் கணக்கு இல்லை, குப்பைக் கணக்கு" என்று சொல்லி அழுதாளாம். பின்னேரம் பிள்ளைகளை விட்டுவிட்டு உம்மை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இந்த இரண்டு நாளையா நீர் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று எழுதினீர்?

கொப்பியை எடுத்துக்கொண்டு உம்மை ஒரு பக்கம் எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். "இது உங்கட எழுத்தில்லை. ஆர் எழுதினது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். நீர் சொன்ன பதில்: "செத்துப்போன ஒரு ரீச்சர்."

என்னைச் சாகடித்துவிட்டீரே! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்டருக்கு முன்னால் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். அவர்களும் லேசுப்பட்டவர்களா? அப்படியென்றால் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு வா என்றார்களாம். அதுவரை கிழமைக்கொரு தரம் நீர் போய் ஒப்பம் வைக்கிறீர். எழுதினவர் யாரென்று தெரியும்வரை வகுப்பு நடக்காது, இரண்டாம் தவணைக்குள் முடியாவிட்டால் பாடத்தையே மூடுவேன் என்று அதிபர் சொல்லிவிட்டா. என் பேர் கோப்பில் ஏறினால் ஓகஸ்ட் போய்விடும் என்றுதானே வாயைத் திறக்கவில்லை? உம்மைக் குத்தி எழுதின கையை என்ன செய்வது சொல்லும். எவ்வளவு பெரிய மனம் உமக்கு.

ஆனால் நான் கேட்டேனா? என்னிடம் கேட்காமல் கொப்பியை எடுத்தீர். என்னிடம் கேட்காமல் என்னைக் காப்பாற்றவும் வெளிக்கிட்டீர். இரண்டும் ஒரே குணம் மச்சாள்.

ஆகவே நானும் உம்மிடம் கேட்கவில்லை. நேற்று இராணுவ முகாமின் சிவில் அலுவலகத்துக்குப் போனேன். பேய் மாதிரி வெள்ளைச் சேலை உடுத்தவில்லை, பச்சைச் சேலை. கப்டன் ஒருவர் இருந்தார். வயது முப்பது இருக்காது. "கொழும்புப் பொலிஸ் தேடுகிற செத்துப்போன ரீச்சர் நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார். பேப்பர் கேட்டேன். அவருக்கு முன்னாலேயே முதலாம் பாடத்தை நினைவிலிருந்து எழுதினேன், 1989இல் எழுதியது என்று கீழே போட்டு ஒப்பமும் வைத்தேன். தமிழ் தெரிந்த கிளாக்கர் வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னார். கப்டன் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். பிறகு, "எங்கள் பெடியளுக்கு இரண்டு மாதமாக வயிற்றுக் கோளாறு. கிணறு காரணமாக இருக்குமா?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். கிணற்றிலிருந்து மலகூடம் முப்பது அடி தூரம்கூட இல்லை. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன், மலகூடத்தை வேலியோரமாக மாற்றச் சொன்னேன். ஆமிக்கு உதவினது பிழையென்று ஊரில் யாரும் சொல்வார்களோ தெரியாது. கேட்டால் சொல்லத்தான் வேண்டும், அதுதான் பாடம். என் எழுத்தைச் சீல் குத்திக் கொழும்புக்கு அனுப்புகிறேன் என்றார்.

என் பயண அனுமதி விண்ணப்பத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வேறு கோப்பில் வைத்தார். "விசாரணை முடியும்வரை இது நிற்கும்" என்றார். போகும்போதே எனக்கு அது தெரியும். நீர் அதற்காக அழ வேண்டாம்.

பத்மா

வெள்ளவத்தை,
05.07.1998

என் பத்மாவுக்கு,

உமக்கு விசரா? அழ வேண்டாம் என்று எழுதினால் அழாமல் இருக்கிறதா? ஆசிரியர் அறையில் வைத்துக் கடிதத்தைப் பிரித்துவிட்டேன், எல்லாரும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இல்லை, செத்தவள் உயிரோடு வந்துவிட்டாள் என்று சொன்னேன்.

யூன் 22 பொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். மேசையில் உம்முடைய தாளும் கொப்பியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். ஒன்பது வருஷத்துக்கு முந்தின பாடத்தை ஒரு சொல்லும் மாறாமல் எப்படி எழுதினா என்று என்னிடம் கேட்டார். "ஏழு வருஷம் எழுதினது மாத்தயா, மறக்குமா?" என்றேன். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டார். அட்டையில் ஒரு சீல் இருக்கிறது, மன்னிக்க வேண்டும். இனி ஒப்பம் வைக்கப் போகத் தேவையில்லை.

வகுப்பு திறந்துவிட்டது! பன்னிரண்டில் எட்டுப் பேர் வந்தார்கள். மற்ற நாலு பேரின் பெற்றோர் விடவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. றமீலா வந்தாள். கௌரியைத் தகப்பன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, "ரீச்சர், இவள் நாலு கிழமையாச் சாப்பிடாமக் கிடக்கிறாள். நீங்களே வைச்சுப் பாருங்கோ. ஆனா சோத்துப் பார்சலை மட்டும் எண்ண விடாதேங்கோ" என்றார். இப்போது பள்ளிக்கூடச் சுவருக்குள்ளேதான் எண்ணுகிறோம். அதுவே போதுமான குப்பை.

அதிபர் அந்தப் படிவத்தை எடுத்து, என் பேரைச் சிவப்பு மையால் வெட்டி, உம்முடைய பேரைத் தன் கையாலேயே எழுதினா. கோடு போதவில்லை, பக்கவாட்டில் எழுதினா. "இப்பிடி ஒரு ஆளை எனக்கு முதலே சொல்லாமல் விட்டனீங்களே" என்று என்னைத்தான் ஏசினா. அடுத்த தையிலிருந்து பாடம் நிரந்தரம்.

நான் உம்மை ஒரு சின்னப் பயத்திலிருந்து காப்பாற்றப் போய் நாலு பொய் சொன்னேன். நீர் நேராகப் போய் உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிட்டீர். எனக்கு அந்தத் துணிவு இல்லை பத்மா. உம்மை நினைக்கக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது. அதே நேரம் உம்முடைய காதைப் பிடித்துத் திருகவும் வேண்டும். தம்பி நாலு வருஷமாகக் காத்திருக்கிறான். அவனுக்கு நான் என்ன எழுதுவேன்? அனுமதி வந்ததா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுதும்.

தவம்

நீர்வேலி,
19.08.1998

அன்புள்ள தவத்துக்கு,

வரவில்லை. பதினான்காம் திகதி காலையில் தலை முழுகி, சேலையும் உடுத்தி, சும்மா கதிரையில் இருந்தேன். பத்து மணிக்கு அங்கே என் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். நன்றாக அழுதேன். உமக்குப் பொய் சொல்ல மாட்டேன், முகாமுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்றும் ஒரு தரம் நினைத்தேன். ஒரு தரம்தான்.

அவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீர் ஒன்றும் எழுதத் தேவையில்லை. பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கம் ஏச்சு, மூன்றாம் பக்கத்தில் புது நேர்முகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்ற விளக்கம். அவரும் உங்கள் வீட்டு ஆள்தானே. ஆறு மாதம் எடுக்கும், ஒரு வருஷமும் எடுக்கும்.

நேற்று முன்தினம் முகாமிலிருந்து ஆள் வந்தது. வயிற்றுக் கோளாறு நின்றுவிட்டதாம், அந்தக் கப்டன் சொல்லிவிட்டிருக்கிறார். கூடவே ஒரு உறை. பயண அனுமதி! ஓகஸ்ட் 17ஆம் திகதி போட்டிருக்கிறது. மூன்று நாள் பிந்திவிட்டது. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கிழித்தெறியவும் பார்த்தேன்.

பிறகு கீழே வாசித்தேன். முப்பது நாள் செல்லுபடியாகுமாம்.

செப்டெம்பர் இரண்டாம் திகதிக் கப்பலில் இடம் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. பள்ளிக்கூடம் அந்தக் கிழமைதானே தொடங்குகிறது? உம்முடைய வகுப்பு எந்த நாள், எத்தனையாம் பாடம் என்று நீர் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வாசல் காவலாளியிடம் என் பேரைச் சொல்லி வையும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். வகுப்பின் கடைசி வாங்கில் எனக்கு ஒரு இடம் விடும். நீர் படிப்பியும், நான் இருந்து கேட்கிறேன்.

பத்மா